மலை வீட்டுக்கு விருந்தாளி வந்தால்: கோத்தகிரியில் ஒரு வாரம் நண்பரைத் தங்கவைக்க ஒரு வழிகாட்டி

நீலகிரிக்கு மாற்றலாகி வந்து, பால்காரரையும் கேஸ் சிலிண்டரையும் பழக்கிக்கொள்வதற்குள் ஒரு போன் வந்துவிடும். "லீவுக்கு வர்றோம், ஒரு வாரம் உங்க வீட்டுலதான்." நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கோத்தகிரிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இதுவரை எத்தனையோ பேர் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். புதிதாக மலைக்குக் குடிவந்து முதல் விருந்தாளிக்காகக் காத்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

விருந்தாளியை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது மலை இல்லை, பாலைவனம். என் கல்லூரித் தோழி ஷார்ஜாவில் இருக்கிறாள். ஒரு ஜூன் கடைசியில் அவள் வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். வெளியே 43, 44 டிகிரி. பொழுதைப் பார்த்துத்தான் அவள் எல்லாத் திட்டமும் போட்டிருந்தாள். விடிகாலை ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையில் நடை. எட்டு மணிக்கு வீட்டுக்குள். மதியம் போவதென்றால் ஏசி ஓடும் அருங்காட்சியகம். மக்ரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகுதான் சந்தை, சாப்பாடு, ஊர் சுற்றல் எல்லாம். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கவே சட்டம் தடை போட்டிருக்கிறது. வேலைக்காரருக்கே ஆகாத நேரத்தில் விருந்தாளியை ஏன் இழுத்துக்கொண்டு திரிய வேண்டும் என்றாள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் பையில் ஏறாமல் அவள் வீட்டுக் கதவைப் பூட்டியதே இல்லை.

ஒவ்வொரு ஊருக்கும் நல்ல நேரம், ஆகாத நேரம் உண்டு. விருந்தாளிக்கு அது தெரியாது, நமக்குத்தான் தெரியும். நல்ல நேரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆகாத நேரத்தில் வீட்டில் சூடாக எதையாவது கையில் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். கோத்தகிரியில் நல்ல நேரம் காலை ஏழிலிருந்து பகல் ஒரு மணி வரை. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மதியத்துக்கு மேல் மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறிவிடும், இல்லையென்றால் மழை பிடிக்கும். இனி நான் சொல்லப்போகிற எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எந்த மாதம் வரச் சொல்வது

வளைகுடாவிலிருந்து வருபவர்களுக்கு விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். அல்லது டிசம்பர் கடைசியில். "ஜூலையில் மலையா? மழை கொட்டுமே" என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். நீலகிரி ஒரே மலை மாதிரி தெரிந்தாலும் மழைக்கு அது இரண்டு மலை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம்தான் அடித்து ஊற்றும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூரும் கோத்தகிரியும் அந்த மழைக்குக் கிழக்கே மறைந்து நிற்பவை. ஜூலையில் இங்கே தூறல், காற்று, மஞ்சு, நடுநடுவே நல்ல வெயில். இந்தப் பக்கத்துக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையோடு வரும். மலைப்பாதையில் மண் சரிவதும் பெரும்பாலும் அப்போதுதான். 2009 நவம்பர் சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதனால் நவம்பருக்கு யாராவது டிக்கெட் போடுகிறேன் என்றால் நான் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் வானம் தெளிவாக இருக்கும், குளிர் கடுமையாக இருக்கும். ஊட்டியில் புல்வெளியெல்லாம் உறைபனி படரும். ஏப்ரல், மே சீசனில் வரச் சொல்லாதீர்கள். வாரத்தில் பாதி நாள் சாலையில் வண்டிக்குள்ளேயே போய்விடும்.

வீட்டைத் தயார் செய்வது

முதல் வேலை படுக்கை. அலமாரியில் ஆறு மாதம் கிடந்த ரஜாயை (பஞ்சு வைத்த கனத்த போர்வை) அப்படியே எடுத்துக் கொடுக்காதீர்கள். இங்குள்ள ஈரம் துணிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். மோந்து பார்த்தால் பூஞ்சை வாடை தெரியும், ஆஸ்துமாக்காரர்களுக்கு அன்று ராத்திரியே மூச்சு இழுக்கும். அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே வெயில் தலைகாட்டும்போதெல்லாம் கம்பளி, ரஜாய், தலையணை எல்லாவற்றையும் கொண்டுபோய் வெளியே போடுங்கள். அப்புறம் இன்னொரு விஷயம், இங்கே எனக்கு ஒரு பக்கத்து வீட்டு அம்மா சொல்லிக்கொடுத்தது: குளிர் மேலேயிருந்து வருவதைவிடக் கீழேயிருந்துதான் அதிகம் வரும். மெத்தை மேல் ஒரு கம்பளியை விரித்து அதன்மேல் படுக்கை விரிப்பைப் போடுங்கள். போர்த்திக்கொள்ள ஒரே கனத்த ரஜாயைவிட, இரண்டு மூன்று மெல்லிய கம்பளி மேல். ஒன்றுக்கொன்று நடுவில் காற்று நிற்கும், வியர்த்தால் ஒன்றை எடுத்துவிடலாம். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் கால்மாட்டில் வெந்நீர்ப் பை வைத்துவிட்டால் போதும், விருந்தாளி ஆயுசுக்கும் உங்களை மறக்கமாட்டார்.

வீட்டுக்குள் போட ஆளுக்கொரு ஜோடி செருப்பு, கம்பளி சாக்ஸ். சிமெண்டுத் தரை ராத்திரியில் ஐஸ் மாதிரி இருக்கும். வளைகுடாவில் இருப்பவர்கள் வீட்டுக்குள் 23, 24 டிகிரியில் வாழ்ந்து பழகியவர்கள். இங்கே ஜூலை ராத்திரியில் 13, 14 டிகிரி. சூடாக்க எதுவும் இல்லாத வீட்டுக்குள் அது இறங்கும்போதுதான் அவர்களுக்கு மலை புரியும். என் ஷார்ஜாத் தோழி இங்கே வந்து தங்கியபோது, அவளுடைய ஒன்பது வயதுப் பையன் முதல் நாள் ராத்திரி சுவரெல்லாம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஏசியைக் கொஞ்சம் குறைங்களேன்" என்றான். குளிர் என்றால் அது ஒரு பெட்டியிலிருந்து வருவது என்றுதான் அவனுக்குத் தெரியும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். குளிருகிறது என்று கரி அடுப்பையோ, கறி சுட்ட அடுப்பின் மிச்சத் தணலையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. கரித் தணலில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். 2024-ல் கொடைக்கானலில் சுற்றுலா வந்த இளைஞர்கள் இப்படித்தான் இறந்தார்கள். ஜன்னல் இல்லாத குளியலறையில் இருக்கும் கேஸ் கீசரும் அதே ஆபத்துதான். எலக்ட்ரிக் ஹீட்டர் இருந்தால் தூங்கும்வரை ஓடவிட்டு, பிறகு அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது வெந்நீர்ப் பை.

குளியலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குத் தள்ளுங்கள். சின்ன கீசர், குறைந்த வோல்டேஜ், ஐந்து பேர் என்றால் வரிசை நகராது. காற்றடித்து மரம் விழுந்தால் கரண்ட் போய் மறுநாள்தான் வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். எமர்ஜென்சி லைட், பவர் பேங்க், ஒரு சிலிண்டர் கூடுதலாக இருந்தால் சமாளித்துவிடலாம்.

சமையலறை

கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்தால் வேகவே வேகாது. குக்கரில் ஊரில் வைத்ததைவிட இரண்டு விசில் கூட வையுங்கள்.

இட்லி மாவு புளிப்பது பெரிய பாடு. தூத்துக்குடியில் ராத்திரி அரைத்தால் காலையில் பாத்திரத்தை விட்டு வழியும். இங்கே காலையில் எழுந்து பார்த்தால் வைத்த இடத்தில் வைத்தபடி கல் மாதிரி கிடக்கும். முதல் வருடம் விருந்தாளி வந்த மூன்று நாளும் நான் உப்புமா கிண்டினேன். அப்புறம் கண்டுபிடித்த வழி: உளுந்தோடு வெந்தயம் சேர்த்து அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கரைத்து, பழைய மாவில் ஒரு கரண்டி கலந்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, மூடிய அட்டைப் பெட்டிக்குள் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வைத்துவிடுவேன். அப்படியும் பதினாறு மணி நேரம் ஆகும். அதனால் நாளைக் காலை இட்லிக்கு இன்று காலையிலேயே அரைத்துவிட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்திருக்கும். விருந்தாளி தலைக்குத் தேய்க்க எடுத்துவிட்டு முழிப்பார்கள். ஒரு குவளை சுடுதண்ணீரில் பாட்டிலை நிறுத்திவைத்தால் உருகிவிடும். அந்தப் பையனுக்கு வாரம் முழுக்க இதுதான் விளையாட்டு. உருகவைப்பான், உறையவிட்டுப் பார்ப்பான்.

கிளம்பும் முன் அவர்களிடம் சொல்ல வேண்டியவை

வெளியூர்ப் பதிவெண் உள்ள வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடை சீசனில் ஒரு நாளைக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டினார்கள். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம், அரசுப் பேருந்தில் வந்தாலும் வேண்டாம். கோவை விமான நிலையத்தில் டாக்சி பிடிக்கிறார்கள் என்றால் டிரைவரிடம் முந்தைய நாளே போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டு சிம்மை வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் அவர்கள் தவித்து நிற்கக் கூடாது. இங்கிருந்தே டிஎன் 43 வண்டியை அனுப்பிவிடுவது எனக்குப் பிடித்த வழி. நம்ம ஊர் டிரைவருக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும்.

சின்னத் தண்ணீர் பாட்டில் பெட்டி பெட்டியாக வாங்கி வண்டியில் ஏற்றுவது பாலைவன ஊர்ப் பழக்கம். இங்கே அது செல்லாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டம் முழுக்கத் தடை. பர்லியாறு, குஞ்சப்பனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். வழிநெடுக வாட்டர் ஏடிஎம் இருக்கிறது, சில்லறை போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

துணி விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான். ஜீன்ஸ் வேண்டாம். ஷார்ஜாவில் பால்கனியில் போட்டால் அரை மணியில் காய்கிற ஜீன்ஸ், இங்கே ஜூலையில் நான்கு நாள் கொடியில் தொங்கும். என் தோழி மூன்றாம் நாள் போய்த் தொட்டுப் பார்த்தாள், இடுப்புப் பட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. சீக்கிரம் காயும் பேண்ட், உள்ளே போட மெல்லிய பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் ஸ்வெட்டர். காதை மூடும் குல்லாவும் பிடிமானமுள்ள ஷூவும் கட்டாயம். ஸ்வெட்டருக்காகத் துபாயில் காசு செலவழிக்க வேண்டாம், நம் வீட்டில் இருப்பதைக் கொடுக்கலாம்.

வருபவர் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் உங்கள் வீட்டில் தங்குவதை இணையம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இந்த வேலை இல்லை.

மலை ஏறும் வழி

விமானம் எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, மலை ஏறுவது பகலில்தான் இருக்க வேண்டும். ராத்திரி இறங்கினால் கோவையிலேயே தங்கிவிட்டுக் காலையில் வரச் சொல்லுங்கள். கல்லாறு, குஞ்சப்பனைப் பக்கம் யானை சாலையைக் கடக்கும் இடங்கள் உண்டு. பலா பழுக்கும் மாதங்களில் இன்னும் அதிகம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு பாதை. பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஒன்று, குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு இன்னொன்று. கோத்தகிரிப் பாதை முப்பத்து மூன்று கிலோமீட்டர் வாக்கில் இருக்கும், ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி வரும் சுபாவம் உள்ளவர்களை முன் சீட்டில் உட்காரவைத்து, போனைப் பைக்குள் போடச் சொல்லுங்கள். தலையைக் குனிந்து திரையைப் பார்ப்பதுதான் பாதி வாந்திக்குக் காரணம். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. மேட்டுப்பாளையத்தில் இரண்டு இட்லி, கையில் ஒரு எலுமிச்சம்பழம். குஞ்சப்பனையில் நிறுத்தி ஒரு டீ. அங்கேயே காற்று மாறியிருக்கும்.

நண்பரே ஓட்டி வருகிறார் என்றால் இரண்டு விதி சொல்லுங்கள். மேலே ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

முதல் நாள்

எங்கேயும் போகாதீர்கள்.

மூவாயிரம் கிலோமீட்டர் பறந்து, அப்புறம் வளைந்து வளைந்து ஏறி வந்த உடம்பு அது. இந்த உயரம் நோய் வரவைக்கும் உயரம் இல்லை, ஆனாலும் பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மருந்தோடு வர வேண்டும். குளிரில் தாகம் தெரியாது. பாலைவனத்தில் பையை விட்டு இறக்காத தண்ணீர் பாட்டிலை இங்கே தொடவே மாட்டார்கள், சாயங்காலம் தலை வலிக்கிறது என்பார்கள். மணிக்கொரு தரம் வெந்நீர் கொடுங்கள். ராத்திரிக்கு மிளகு ரசம், சுடுசோறு, பொரித்த அப்பளம் போதும். எட்டு மணிக்குள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.

தூங்குவதற்கு முன் ஒரு பாடம் நடத்திவிட வேண்டும், காட்டு மிருகங்களைப் பற்றி. கோத்தகிரியில் காட்டுமாடும் கரடியும் ஊருக்குள் வரும். சிறுத்தையும் நடமாடும். மாலை ஆறரைக்கு மேல் நடந்து போவது கிடையாது. பின்கதவு எப்போதும் தாழிட்டிருக்க வேண்டும். சாப்பாட்டு மிச்சம், பழத்தோல், எண்ணெய் டப்பா எதையும் வெளியே வைக்கக் கூடாது, கரடி எண்ணெய் வாடைக்குத்தான் வரும். காட்டுமாடு பார்க்கப் பசு மாதிரி சாதுவாக நிற்கும். ஆயிரம் கிலோ வரை எடை உள்ள மிருகம் அது. தேயிலைக்குள் அதைப் பார்த்தால் அப்படியே நின்று, முகத்தைத் திருப்பாமல் பின்னாலேயே நகர்ந்து வந்துவிட வேண்டும். போட்டோ எடுக்கக் கிட்டே போய் முட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளிடம் இதைக் கதையாகச் சொல்லாமல் விதியாகச் சொல்லுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள்: நடந்து போகும் தூரம்

காலை ஏழரைக்கு வீட்டைச் சுற்றியுள்ள தேயிலைப் பாதையில் கூட்டிப் போங்கள். விருந்தாளிக்கு இதுவே பெரிய காட்சி. பச்சை இலை பறிக்கும் அக்காக்களிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நின்றால் பேசுவார்கள். நான்கு, நாலரைக் கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை என்பதை அவர்கள் வாயிலிருந்தே கேட்கட்டும். அதற்கப்புறம் டம்ளரில் மிச்சம் வைக்கமாட்டார்கள். தெரிந்த தொழிற்சாலை இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு உள்ளே அழைத்துப் போங்கள். இலை வாட்டும் தளத்தில் ஏறியதும் வரும் அந்தப் பச்சை வாடை, அரைத்த இலை கண்ணெதிரே பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுவது இரண்டையும் எந்த வியூ பாயின்ட்டும் தராது.

மூன்றாம் நாள் காலை லாங்வுட் சோலை. ஊரை ஒட்டியே 116 ஹெக்டேரில் நிற்கும் சோலைக்காடு, 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கோத்தகிரியைச் சுற்றியுள்ள பல கிராமங்களுக்கு நீர் இங்கிருந்துதான் ஊறி வருகிறது. வனத்துறை அனுமதியோடு, கட்டணம் கட்டித்தான் போக வேண்டும். பாலைவனத்திலிருந்து வருபவருக்கு நான் காட்டுவது மரங்களைக்கூட இல்லை. தரையில் கிடக்கும் மக்கிய இலைக்கடியில் கையை விடச் சொல்வேன். வாரக்கணக்கில் மழை இல்லாத நேரத்திலும் விரல் ஈரமாகும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். சாக்ஸுக்கு மேல் உப்பு தடவிக்கொள்ளுங்கள், ஏறிவிட்டால் பிடுங்காமல் உப்பு வைத்து விழவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால் கன்னேரிமுக்கு. 1819-ல் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்து கட்டிய பங்களா அங்கே நினைவகமாக இருக்கிறது. மலைக்கு முதலில் வந்த விருந்தாளிகளில் ஒருவர் எப்படித் தங்கினார் என்று பார்க்கலாம். கோடநாடு காட்சிமுனைக்கு காலை எட்டரைக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ரங்கசாமி மலையும் தெரியும். பதினொரு மணிக்குப் போனால் வெள்ளைத் திரை மட்டும்தான் தெரியும்.

நான்காம் நாள்: வீடு

நடுவில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள். அவர்கள் உங்களைப் பார்க்கவும்தானே வந்திருக்கிறார்கள். அன்றைக்கு மழை பெய்தால் இன்னும் நல்லது.

ஆனால் ஒன்று. மழை என்றாலே என் தோழிக்குப் பயம். 2024 ஏப்ரல் 16-ல் அமீரகத்தில் ஒரே நாளில் ஓர் இடத்தில் 25 சென்டிமீட்டர் பெய்தது, 1949-ல் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெய்ததில்லை. ஷார்ஜாவில் சில தெருக்களில் நாள்கணக்காகத் தண்ணீர் வடியவில்லை, அவள் கார் அதில்தான் நின்றது. இங்கே தகரக் கூரையில் மழை அடித்ததும் எழுந்து போய் வாசலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தாள். மலையில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும், மண் நகர்வதில்தான் நமக்கு ஆபத்து என்று விளக்கினேன். வெட்டிய மண்சுவருக்கு அடியில் வண்டியை நிறுத்தக் கூடாது, ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்கிச் சிவந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது, சாலையில் புதிதாகக் கல்லும் மண்ணும் கிடந்தால் திரும்பிவிட வேண்டும். காரணம் தெரிந்ததும் அவளுக்குப் பயம் போனது. திண்ணையில் நாற்காலியைப் போட்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

அன்று மதியம் எங்கள் படுகர் பக்கத்து வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ராகிக் களி, அவரைக் குழம்பு, கடைசியில் எண்ணெயில் பொரித்த பலகாரமான எண்ணெ ஹிட்டு. படுகர் ஊரை ஹட்டி என்பார்கள். ஹட்டிக்குப் போகும்போது கோயில் பக்கம் செருப்போடு போகாமல் இருப்பது, கேட்காமல் பெரியவர்களைப் படம் எடுக்காமல் இருப்பது இரண்டையும் விருந்தாளியிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். தோடர்கள் குடியிருக்கும் மந்துக்கும் இதேதான். யாரும் அழைக்காமல் உள்ளே போவது மரியாதை இல்லை.

ஐந்தாம் நாள்: ரயிலும் ஊட்டியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து முழு மலை ரயில் பயணம் அருமைதான். 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஆனால் முன்பதிவு திறந்ததுமே தீர்ந்துவிடும், குழந்தைகள் மூன்றாம் மணி நேரத்தில் நெளிய ஆரம்பிப்பார்கள். ஒரு வார விருந்தாளிக்கு நான் சொல்வது குன்னூர் - ஊட்டி மட்டும். ஒன்றேகால் மணி நேரம்தான், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று போகும். கேத்திப் பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் பெட்டி முழுக்க ஒரே பக்கத்துக்குச் சாயும். நீராவி எஞ்சினைப் பார்க்க ஆசைப்பட்டால் குன்னூர் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள், அங்கேதான் எஞ்சின் மாற்றுவார்கள். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதை இது, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெருமழைக்குப் பிறகு பாதையில் மண் விழுந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊட்டியில் ஒரே ஒரு இடம் போதும், தாவரவியல் பூங்கா. 1848-ல் தொடங்கியது. இரண்டு கோடி ஆண்டு பழைய, கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்று உள்ளே இருக்கிறது, அதைத் தேடிப்போய்க் காட்டுங்கள். படகு, தொட்டபெட்டா, சாக்லேட் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால் ராத்திரி யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. இரண்டு மணிக்கு ஊட்டியை விட்டுக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே வீடு வந்துவிடலாம்.

ஆறாம் நாள்: வாங்குவதும் கட்டுவதும்

தேயிலையைச் சுற்றுலாக் கடையில் வாங்காமல், நாம் வாங்கும் கடையிலேயே வாங்கிக் கொடுங்கள். வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட்டை அன்றன்றைக்குச் சுட்ட பேக்கரியில் வாங்கி எவர்சில்வர் டப்பாவில் அடுக்குங்கள். பையில் போட்டால் ஷார்ஜா போய்ச் சேரும்போது தூளாகத்தான் இருக்கும். யூகலிப்டஸ் தைலம் சின்னப் புட்டியாக இருக்கட்டும், விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிட்டு வையுங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது. அமீரகத்துக்குள் கசகசா கொண்டுபோவது சட்டப்படி குற்றம். அன்பாகக் குருமாப் பொடி, மசாலா அரைத்துக் கொடுக்கும்போது அதில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கொடுக்காதீர்கள். அவர்கள் மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு கையிலேயே இருக்கட்டும்.

இறங்கும் நாள்

விமானத்துக்கு ஆறேழு மணி நேரம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளப்பிவிடுங்கள். ஒரு மரம் விழுந்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். கோத்தகிரிப் பாதை அடைத்தால் குன்னூர் பாதை, அதுவும் அடைத்தால் காத்திருப்பதுதான். கிளம்பும் முன் மேட்டுப்பாளையம் பேருந்து டிரைவர்களிடம் கேட்டால் சாலை நிலவரம் உடனே தெரிந்துவிடும். இறங்கும்போது காது அடைக்கும், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்து விழுங்கச் சொல்லுங்கள். ஸ்வெட்டருக்குள் பருத்திச் சட்டை போட்டிருக்கட்டும், குஞ்சப்பனை தாண்டியதும் வியர்க்க ஆரம்பிக்கும்.

நம் ஸ்வெட்டர்களை டிரைவரிடமே கொடுத்தனுப்பச் சொல்லிவிடுங்கள். என்னிடம் திரும்பி வந்தவற்றில் பையனுடையது மட்டும் இல்லை. தோழியிடம் கேட்டேன். ஷார்ஜாவில் ஏசியை இருபதில் வைத்துக்கொண்டு ராத்திரி அதைப் போட்டுத்தான் தூங்குகிறானாம்.